வன்னியில இருந்து மலை ஏறப் போறம்: பருவம், சப்பாத்து, பயிற்சி பற்றி ஆலோசனை வேணும்

பரந்தன்சந்தி எழுதியது:

வணக்கம். நாங்கள் மூண்டு பேர், கிளிநொச்சி. ஏப்ரல் விடுமுறையில தொடங்கி ஆகஸ்ட் முடிய முதல் நாலு மலை ஏறுறதெண்டு யோசனை: சிவனொளிபாதமலை, கிரிகல்பொத்த, நமுனுகுல, கடைசியா நக்கிள்ஸில ரிவஸ்ரன் பக்கம். எல்லாம் பகல் பயணம், கூடாரம் அடிக்கிற எண்ணம் இல்லை. ஒருத்தருக்கும் அனுபவம் இல்லை. நாளுக்கு 5 கிலோமீற்றர் ஓடுறனாங்கள், ஆனா ஓடுறது முழுக்கச் சமதரை. இஞ்ச ஏறிப் பழக ஒரு மேடும் இல்லை எண்டு உங்களுக்குத் தெரியும்.

கையில இருக்கிறது: கனடாவில இருந்து வந்த மலையேறுற சப்பாத்து ரெண்டு சோடி (பெட்டியோட ஆறேழு வருசமா அலுமாரிக்குள்ள கிடக்கு, போடவே இல்லை), மோட்டர்சைக்கிள் மழைக்கோட்டு, பள்ளிக்கூடப் பை மாதிரி மூண்டு தோள்பை, முல்லைத்தீவில வள்ளச் சாமான் கடையில வாங்கின நீலக் கயிறு 30 மீற்றர். இதுகள் காணுமோ? எந்த மலைக்கு எந்த மாதம் போறது நல்லது? சமதரையில இருந்துகொண்டு எப்பிடிப் பழகிறது?


வாடைக்காத்து எழுதியது:

தம்பி, மலையின்ர உயரத்தைப் பாத்து ஒழுங்குபடுத்தாதேங்கோ, காத்தைப் பாத்து ஒழுங்குபடுத்துங்கோ. எங்களுக்குச் சோளகம் (தென்மேல் பருவக்காத்து) எண்டால் புழுதியும் வறட்சியும். அதே காத்துத்தான் மே மாதத்தில இருந்து செப்ரெம்பர் வரை மலைநாட்டின்ர மேற்குச் சரிவில மழையைக் கொட்டுது. கொட்டி முடிச்சுக் கிழக்குப் பக்கம் இறங்கேக்க ஈரம் இருக்காது, வேகம் மட்டும் இருக்கும். அதால ஒரே மாதத்தில சிவனொளிபாதமலை நனைஞ்சுகொண்டு நிக்கும், நமுனுகுல காய்ஞ்சு கிடக்கும்.

சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். யாத்திரைக் காலம் மார்கழிப் போயாவில தொடங்கி வெசாக் போயாவோட முடியும். அதுக்குள்ள போனால் வழி முழுக்க வெளிச்சம், தேத்தண்ணிக் கடை, சனம் எல்லாம் இருக்கும். வெசாக் முடிஞ்சால் வெளிச்சமும் இல்லை, கடையும் இல்லை, மேல நிக்க விடாத காத்து. ஆகவே இதை ஏப்ரலிலயே முடியுங்கோ. நல்லதண்ணிப் பக்கத்தால 5,500 படி அளவில, ஏற மூண்டு நாலு மணித்தியாலம். இரத்தினபுரிப் பக்கப் பாதை நீளம், முதல் தரம் போறவைக்கு வேண்டாம். போயா நாளிலயும் சனி ஞாயிறிலயும் உச்சிக்குக் கிட்ட வரிசை அசையாது. ஏறேக்க வேர்த்த உடம்போட ஒரு மணித்தியாலம் குளிர்காத்தில நிண்டால் நடுக்கம் பிடிக்கும். கிழமை நாளில போங்கோ. மேல செருப்புச் சப்பாத்துக் கழட்ட வேணும், சீமெந்துத் தரை ஈரமா ஐஸ் மாதிரி இருக்கும். அந்த ஒரு இடத்துக்காகவே காய்ஞ்ச காலுறை ஒண்டைப் பொலித்தீன் பைக்குள்ள தனியா வையுங்கோ.

ஏப்ரலில இன்னொரு சங்கதி. ரெண்டு பருவக்காத்துக்கும் இடைப்பட்ட மாதம் எண்டபடியால் காலமை வெயிலா இருக்கும், பின்னேரம் இடி. மத்தியானம் ஒரு மணிக்கு முதல் உச்சியை விட்டு இறங்கிடுங்கோ. மின்னலுக்கும் இடிச்சத்தத்துக்கும் இடையில எண்ணிப் பாருங்கோ. 30 செக்கனுக்குள்ள சத்தம் கேட்டால் அது 10 கிலோமீற்றருக்குள்ள நிக்குது. வெட்டை உச்சியிலயும் தனிமரத்துக்குக் கீழயும் நிக்கக் கூடாது.

நமுனுகுல (2,036 மீற்றர்) ஜூனில. பதுளை, பசறைப் பக்கம். கீழ்ப்பாதி தேயிலைத் தோட்டம், மேல்பாதி காடு. தோட்டத்துக்குள்ளால போகேக்க லயத்துச் சனத்திட்டக் கேட்டால் வழி சொல்லுவினம், உங்களுக்கு மொழிப் பிரச்சினையும் இல்லை. தேயிலைக்குள்ள குறுக்குப் பாதை கனக்க இருக்கு. ஏறேக்க எல்லாம் மேலதான் போற மாதிரி இருக்கும், இறங்கேக்கதான் பிழைக்கும். அதால ஏறேக்கயே ஒவ்வொரு பிரிவிலயும் நிண்டு திரும்பிப் பாத்துப் போனில படம் எடுத்து வையுங்கோ.

ரிவஸ்ரனுக்கு ஜூலை, ஆகஸ்ட். இதுதான் எங்களுக்குக் கிட்ட: ஏ9 வழிய மாத்தளை வரை போய் ரத்தோட்டைப் பக்கம் திரும்பிறது. (ஏ9 இன்ர மற்றத் தொங்கல் கண்டி எண்டதை எங்கட சனம் மறந்துபோச்சு.) மழை குறைவு, ஆனா காத்து ஆளைத் தள்ளும், விளிம்புக்குக் கிட்டப் போகாதேங்கோ. புல்லும் காய்ஞ்சிருக்கும், நெருப்புப் பத்த வைக்கிற கதையே வேண்டாம். நக்கிள்ஸ் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின்ர கட்டுப்பாட்டில இருக்கிற காடு. எந்தப் பாதைக்கு அனுமதிச்சீட்டும் வழிகாட்டியும் வேணும் எண்டதைப் போக முதலே கேட்டு வையுங்கோ.

கிரிகல்பொத்தயை இந்தப் பட்டியலில இருந்து எடுத்துவிடுங்கோ. அது ஜனவரியில இருந்து மார்ச் வரைக்குமான மலை.


தோல்பசை எழுதியது:

பருவத்தைப் பற்றி மேல சொல்லியாச்சு. நான் அந்தக் கனடாச் சப்பாத்தைப் பற்றி மட்டும் சொல்லுறன், ஏனெண்டால் உங்கட பட்டியலில ஆகப் பெரிய ஆபத்து அதுதான்.

புதுசு, போடவே இல்லை எண்டு நம்பிப் போகாதேங்கோ. அடிக் கறுப்பு ரப்பருக்கும் மேல்தோலுக்கும் இடையில மெத்தை மாதிரி ஒரு படை இருக்கு. கனமான மலைச் சப்பாத்துகளில அது பெரும்பாலும் பொலியூறெத்தேன் நுரை. காத்தில இருக்கிற ஈரம் அந்த நுரையைக் கொஞ்சம் கொஞ்சமா உடைக்கும், வெக்கை கூடினால் இன்னும் கெதியா உடைக்கும். கிளிநொச்சி அலுமாரிக்குள்ள ரெண்டும் தாராளம். போட்டு நடந்துகொண்டிருந்தால் நுரை அமத்துப்பட்டு ஈரம் வெளியேறும், சும்மா கிடந்தால்தான் கெதியாப் போகும். வெளியால பாத்தால் பளபளப்பாத்தான் இருக்கும். மலையில ரெண்டு மணித்தியாலம் நடந்த பிறகு குதிப்பக்கம் வாய் பிளக்கும், கொஞ்ச நேரத்தில அடி முழுசாக் கழண்டு விழும். ரெண்டு காலும் ஒரே வயசு எண்டபடியால் மற்றதும் அண்டைக்கே போகும்.

இப்பவே சோதிச்சுப் பாருங்கோ. நடுப்படையைப் பெருவிரல் நகத்தால அழுத்துங்கோ. நல்ல நுரை உடனே மேல வரும். பழுதானது குழியா நிக்கும், இல்லாட்டி மாவாக் கொட்டும். பிறகு முன்பக்கத்தை மடக்கி மடக்கி இருபது தரம் விட்டிட்டு, விரல் மடியிற இடத்தில பக்கவாட்டில மயிர் அளவு வெடிப்பு இருக்கோ எண்டு வெளிச்சத்தில பாருங்கோ. ரெண்டிலயும் தப்பினால் தோளில 5 கிலோ போட்டுக்கொண்டு கிரவல் ரோட்டில 15 கிலோமீற்றர் நடவுங்கோ. ஒரே நாளில இல்லை, ரெண்டு மூண்டு நாளாப் பிரிச்சு.

நுரை மாவாப் போயிருந்தால் திருத்த ஏலாது. பசை பூசினால் அது மாவிலதான் ஒட்டும், சுத்தித் தைச்சால் நூல் நுரையை அறுத்துக்கொண்டு வரும். எறிஞ்சுபோட்டு ஓடுற சப்பாத்தைப் போடுங்கோ. அதில இருக்கிற நுரை பெரும்பாலும் ஈவிஏ எண்ட வேற சாதி, இப்பிடி ஈரத்தில மாவாகிறேல்லை. அடி ஆழமாக் கட்டை வெட்டினதா இருந்தால் இந்த நாலு பாதைக்கும் அது காணும். நுரை நல்லா இருந்து, பசை மட்டும் விட்டிருந்தால் திருத்தலாம்: ரெண்டு முகத்தையும் மண்தாள் போட்டுத் தேய்ச்சு, சப்பாத்துத் தைக்கிறவர் பூசிற மஞ்சள் பசையை ரெண்டு பக்கமும் பூசி, கையில ஒட்டாத அளவுக்குக் காய விட்டு, பொருத்தி இறுக்கிக் கட்டி 24 மணித்தியாலம் வைக்க வேணும். அவசரப்பட்டு ஈரப்பசையில ஒட்டினால் ஒருநாளும் நிக்காது.

வழியில கழண்டால்? பழைய சைக்கிள் ரியூப்பை ரெண்டு விரல் அகல வளையமா ஆறு துண்டு வெட்டிப் பைக்குள்ள போடுங்கோ. முன்னுக்கு ரெண்டு, குதியில ஒண்டு, அடியோட சேர்த்து மாட்டினால் கீழ வரை கொண்டுவந்து சேர்க்கும். ரியூப் ஈரக் கல்லிலயும் பிடிக்கும். பிளாஸ்ரிக் ரேப் ஈரத்தில நூறு அடியும் தாங்காது.

இன்னொண்டு. எங்கட ஆக்கள் சின்னனில இருந்து வெறுங்காலும் செருப்புமாத் திரிஞ்சபடியால் பாதத்தின்ர முன்பக்கம் அகலம். ஒடுங்கின சப்பாத்துச் சின்னவிரலைக் கடிக்கும். வாங்கிறதெண்டால் பின்னேரம், கால் கொஞ்சம் வீங்கின நேரத்தில, போடப்போற காலுறையோட போட்டுப் பாருங்கோ. நீட்டு விரலுக்கு முன்னால ஒரு பெருவிரல் அகலம் இடம் வேணும், இல்லாட்டி இறங்கேக்க நகம் இடிபட்டுக் கறுக்கும். நகத்தை மூண்டு நாளைக்கு முதலே வெட்டுங்கோ. முதல்நாள் வெட்டினால் கூர் விளிம்பு பக்கத்து விரலைக் கிழிக்கும்.


குளக்கட்டு எழுதியது:

மேடு இல்லை எண்டு கவலைப்படாதேங்கோ. ரெண்டு சீமெந்துக் கல்லுக் காணும். 4 அங்குலக் கல்லு ரெண்டை ஒண்டுக்கு மேல ஒண்டாப் படுக்க வைச்சால் 8 அங்குலம், அதாவது 20 சென்ரிமீற்றர் அளவு. ஆடாமல் இருக்க வேணும், சுவரோட அணைச்சு வையுங்கோ. 500 தரம் ஏறி இறங்கினால் 100 மீற்றர். நல்லதண்ணியில இருந்து உச்சி ஏறத்தாழ 1,000 மீற்றர் எண்டால் 5,000 தரம். அதை ஒரே நாளில செய்யச் சொல்லேல்லை. கிழமைக்கு மூண்டு நாள், முதல் கிழமை 300 தரம், பிறகு கிழமைக்கு 150 கூட்டி எட்டாம் கிழமை 1,350 இல நில்லுங்கோ. நாலாம் கிழமையில இருந்து பாரம்: ஒன்றரை லீற்றர் தண்ணிப் போத்தல் நாலு, 6 கிலோ. மண்ணோ அரிசியோ வேண்டாம். தண்ணி எண்டால் முழங்கால் நொந்தவுடன ஊத்திப்போட்டு நிப்பாட்டலாம்.

ஓடுற ஆக்களுக்கு மூச்சுப் பிரச்சினை வராது, ஏறிடுவியள். விழுத்திறது இறக்கம். இறங்கேக்க தொடையின்ர முன்தசை நீண்டுகொண்டே பாரத்தைப் பிடிக்க வேணும், சமதரையில ஓடுற கால் அந்த வேலையைப் பெரிசாச் செய்யிறேல்லை. அடுத்தநாள் படி இறங்க ஏலாமல் பின்பக்கமா இறங்கிறது அதாலதான். ஆகவே கல்லில ஏறிறதை விட இறங்கிறதைக் கவனியுங்கோ. ஒரு காலைக் கல்லில வைச்சு, மற்றக் காலை மூண்டு எண்ணும் வரை மெள்ள மெள்ள நிலத்துக்கு இறக்குங்கோ. ஒரு காலுக்கு 12 தரம், மூண்டு சுற்று. முழங்கால் உள்பக்கமாச் சரியக் கூடாது, ரெண்டாம் விரலுக்கு நேரா நிக்க வேணும். கண்ணாடிக்கு முன்னால செய்தால் பிழை உடன தெரியும்.

ஞாயிற்றுக்கிழமையில குளக்கட்டில நடவுங்கோ. இரணைமடு கிட்ட இருக்கு. கட்டில ஏறி இறங்கிறதெண்டால் படி கட்டின இடத்தில மட்டும். புல்லுச் சரிவில ஒரே தடமா ஏறினால் மழைக்கு அந்தத் தடத்தால கட்டு அரிக்கும். தண்ணிப் பக்கக் கல்லடுக்கில இறங்கவே வேண்டாம், பாசியும் இருக்கு, முதலையும் இருக்கு. காட்டுப் பயிற்சி எண்டு சொல்லி ஆள் நடமாட்டம் இல்லாத பத்தைகளுக்குள்ளயும் போகாதேங்கோ. மிதிவெடி எடுத்து முடியாத இடம் இன்னும் கிடக்கு, யானையும் நிக்கும். ரோட்டும் குளக்கட்டும் போதும்.

தடி ஒண்டு கட்டாயம். மூங்கில் நல்லது, பாரமில்லை. நிலத்தில ஊண்டிப் பிடிச்சால் முழங்கை நேர்மூலையா மடங்கிற உயரம், இறக்கத்துக்கு ஒரு சாண் கூட. அடியில ரியூப் துண்டு ஒண்டைச் சுத்திக் கட்டுங்கோ, கல்லில வழுக்காது. வீட்டில இருந்தே கொண்டு போங்கோ, அங்க காட்டில வெட்ட விடமாட்டினம்.


பரந்தன்சந்தி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தோல்பசை அண்ணை சொன்ன மாதிரி நகத்தால அழுத்திப் பாத்தம். ஒரு சோடி குழி விழுந்தபடி அப்பிடியே நிக்குது. மற்றது சரி போல கிடக்கு. இப்ப மிச்சக் கேள்வி: கயிறும் மழைக்கோட்டும். அட்டைக்கு என்ன செய்யிறது? கிரிகல்பொத்தயை விட மனமில்லை, ஆகஸ்டில போக ஏலாதோ?


நீலக்கயிறு எழுதியது:

பேரைப் பாத்துச் சிரிக்காதேங்கோ, அந்தக் கயிற்றைப் பற்றிச் சொல்லத்தான் வந்தனான்.

வள்ளக் கடை நீலக்கயிறு பொலித்தீன் இல்லாட்டிப் பொலிப்புறப்பிலீன். தண்ணியில மிதக்க வேணும், உப்பில உக்கக் கூடாது, அதுக்காகச் செய்தது. விழுகிற ஆளைப் பிடிக்கச் செய்ததில்லை. மலைக்கயிறு விழுகிற வேகத்தைத் தன்ர நீட்சியால வாங்கும். ஐரோப்பியத் தரம் ஈஎன் 892 இல 80 கிலோப் பாரத்தைத் திரும்பத் திரும்ப விழுத்திப் பாப்பினம், அதில குறைஞ்சது அஞ்சு தரம் அறாமல் தாங்க வேணும், முதல் விழுகையில உடம்பில வாற இழுவை 12 கிலோநியூற்றனுக்கு மேல போகக் கூடாது. நீலக்கயிறு அந்தளவு நீளாது. கயிறு அறாட்டிலும் இடுப்பு முறியும். அதோட பொலிப்புறப்பிலீன் 165 பாகை அளவில உருகும், பொலித்தீன் அதுக்கும் முதலே. மரத்தில போட்டுச் சறுக்கி இறங்கினால் உரசிற சூட்டிலயே அறும்.

முக்கியமா, நீங்கள் சொன்ன பாதைகளில கயிறு தேவைப்படுற இடம் ஒண்டும் இல்லை. அப்பிடி ஒரு இடம் முன்னால வந்தால் பாதையை விட்டிட்டியள் எண்டுதான் அர்த்தம், வந்த வழிய திரும்புங்கோ. கட்டுறதுக்குக் கொள்ளுறதுக்கு 4 மில்லிமீற்றர் நைலோன் கயிறு 5 மீற்றர் போதும். 30 மீற்றரை வீட்டில உடுப்புக் காயப் போடக் கட்டுங்கோ.

மழைக்கோட்டு: ரெண்டு துண்டு மோட்டர்சைக்கிள் கோட்டில மேல்துண்டை மட்டும் கொண்டு போங்கோ. அது காத்து விடாது, வேர்வையும் விடாது. போட்டுக்கொண்டு ஏறினால் உள்ளுக்க இருந்தே நனைவியள். ஏறேக்க கழட்டி, நிக்கேக்க போடுறது. தலையால போடுற போர்வை மாதிரிக் கோட்டு ரிவஸ்ரன் காத்தில பாய் மாதிரி விரியும், அது வேண்டாம். உள்ளுக்குப் பருத்தி ரீசேட்டும் டெனிமும் கூடாது. நனைஞ்சால் காயாது, 2,000 மீற்றரில அது ஆபத்து. ஒவ்வொரு 100 மீற்றருக்கும் 0.65 பாகை அளவு குறையும். கிளிநொச்சியில 34 எண்ட நாளில அந்த உயரத்தில 20 சொச்சம்தான், காத்தும் ஈரமும் சேர்ந்தால் உடம்புக்கு அதிலும் குறைவாத்தான் தெரியும். விளையாட்டுக் கழக ஜேர்சி எல்லார் வீட்டிலயும் கிடக்கும், அது பொலியெஸ்ரர், அதைப் போடுங்கோ. மேலதிகமா ஒண்டு பொலித்தீனுக்குள்ள. முழுப் பைக்கும் உள்ளுக்க பெரிய உரப்பை ஒண்டை விரிச்சு அதுக்குள்ள சாமான் வைச்சால் தனி மழைமூடி தேவையில்லை.

அட்டை: நீளக் காலுறைக்குள்ள காற்சட்டையைச் செருகி, காலுறையிலயும் சப்பாத்து நாடாவிலயும் கட்டிச் சவர்க்காரத்தை ஈரமாக்கிக் கெட்டியாப் பூசுங்கோ. ஆறு கடந்தால் திரும்பப் பூச வேணும். ஏறினதைப் பிச்சு இழுக்காதேங்கோ. நகத்தைத் தோலோட சாய்ச்சு மெல்லிய பக்கத்தில இருந்து தள்ளினால் விடும். நெருப்புக் குச்சியோ உப்போ வைச்சால் உள்ளுக்க இருக்கிறதைக் கடிவாயில கக்கும். இரத்தம் கொஞ்ச நேரம் நிக்காமல் வரும், உறையாமல் இருக்க அது ஒரு சாமானை விடுகுது. அழுத்திப் பிடிச்சுத் துணி கட்டினால் சரி.


குளக்கட்டு எழுதியது:

சாப்பாட்டை ஒருத்தரும் சொல்லேல்லை. புட்டுக் கட்டிக்கொண்டு போகாதேங்கோ, மத்தியானத்துக்குள்ள புளிக்கும். பொரிவிளாங்காய், எள்ளுருண்டை, பினாட்டு, பனங்கட்டி. பாரம் குறைவு, நசிஞ்சாலும் பழுதில்லை. தண்ணி ஆளுக்கு 3 லீற்றர். ஜீவனிப் பைக்கற் (தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்புச்சீனித் தூள்) ரெண்டு, ஒண்டுக்குச் சரியா ஒரு லீற்றர். அரைப் போத்தலில கலக்கிக் குடிச்சால் உப்புக் கூடி வயித்தாலதான் போகும்.


வாடைக்காத்து எழுதியது:

கிரிகல்பொத்தயை விடமாட்டன் எண்டால், ஆகஸ்ட் கடைசியில சோளகம் கொஞ்சம் ஓய்ஞ்ச நாளாப் பாத்துப் போங்கோ, நான் சொல்லுறபடி. 2,388 மீற்றர், நாட்டில ரெண்டாவது உயரம். ஒண்டாவதான பீதுருதாலகாலவில உச்சிக்கு நடந்து ஏற விடுறேல்லை, அதால காலால ஏறக்கூடியதில இதுதான் ஆக உயரம். பாதை ஹோட்டன் சமவெளிப் பார்வையாளர் நிலையத்துக்குக் கிட்டத் தொடங்குது, போக 7, வர 7 கிலோமீற்றர். சமவெளியே 2,100 மீற்றர் உயரத்தில இருக்கிறபடியால் ஏத்தம் பெரிசில்லை, சேறும் மூடுபனியும்தான் பிரச்சினை. சதுப்பில கணுக்கால் புதையும், அந்த இடங்களில தடியை முதல் குத்திப் பாத்துக் காலை வையுங்கோ.

காலமை வாசல் திறந்த உடன உள்ள போங்கோ. வாசலில பொலித்தீன் பாத்து எடுப்பினம், சாப்பாட்டைத் துணியிலயும் டப்பாவிலயும் வையுங்கோ. நீலக்கயிறு சொன்ன உரப்பையை அங்க கேட்டுத்தான் கொண்டு போக வேணும். 11 மணிக்கு உச்சி தெரியாட்டில் எந்த இடத்தில நிண்டாலும் திரும்புங்கோ. அண்டைக்கு மூடுபனி எண்டால் கிரிகல்பொத்தயை விட்டிட்டுப் பட்டிப்பொல வாசலுக்குக் கிட்ட இருக்கிற தொட்டுபொலவில ஏறுங்கோ. 2,357 மீற்றர், மூண்டாவது உயரம், ரெண்டு மணித்தியாலத்தில ஏறி இறங்கலாம். பயணம் வீண்போகாது.

பனிக்குள்ள வழி தவறினால் முதல் வேலை நிக்கிறது. கடைசியாத் தெரிஞ்ச இடத்துக்குத் திரும்பப் பாருங்கோ. அதுவும் ஏலாட்டில் அங்கேயே இருங்கோ. ஓடை வழிய இறங்கினால் ஊர் வரும் எண்டது எங்கட வன்னிக் கணக்கு, ஆறு போய்க் குளத்தில சேரும். அங்க ஓடை போய் நீர்வீழ்ச்சியில சேரும். விசில் ஒண்டு ஆளுக்கு ஒண்டு: நிமிசத்துக்கு ஆறு தரம் ஊதி, ஒரு நிமிசம் விட்டுத் திரும்ப ஊதிறது. போனைப் பறக்கிற நிலையில போட்டு வைச்சால் மின்கலம் நிக்கும், வரைபடத்தை வீட்டிலயே இறக்கி வையுங்கோ. 119 பொலிஸ், 1990 அம்புலன்ஸ். எந்தப் பாதை, எத்தினை மணிக்குத் திரும்புவம் எண்டதை வீட்டில ஒருத்தரிட்ட எழுதிக் குடுத்திட்டுப் போங்கோ.


பரந்தன்சந்தி எழுதியது:

சரி அண்ணை. ஏப்ரலில சிவனொளிபாதமலை, கிழமை நாளில. சீமெந்துக் கல்லு ரெண்டு பின்வளவில கிடந்தது, இண்டைக்கு 300 தரம் முடிஞ்சுது. மற்றச் சோடிச் சப்பாத்து கிரவலில 9 கிலோமீற்றர் தாண்டினது, பத்தாவதில வலக்காலின்ர குதி வாய் திறந்திட்டுது. ரியூப் வெட்டிக்கொண்டிருக்கிறன்.


தோல்பசை எழுதியது:

ரியூப் வீட்ட வந்து சேரத்தான், மலைக்குப் போட்டுக்கொண்டு போக இல்லை. அந்தச் சோடியையும் எறியுங்கோ. இடக்காலும் இந்தக் கிழமைக்குள்ள திறக்கும்.